வசுமதி ஏன் போகவில்லை

ஜூன் 3, செவ்வாய்

தயாரிப்பாளர் கலைச்செல்வி மேடம் இரண்டு மணி நேரம் கதை கேட்டார். ஒரு தடவைகூட போனைத் தொடவில்லை. நாமக்கல்லில் பதினாறு கோழிப்பண்ணை வைத்திருப்பவர் இவ்வளவு நேரம் போனைத் தொடாமல் இருந்து நான் பார்த்ததில்லை என்று அவருடைய மேனேஜரே சொன்னார். ஞானராஜ் சார் கதை சொன்னால் அப்படித்தான். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை மட்டும் ஆட்டி ஆட்டிச் சொல்வார். கையில் பேப்பர் கிடையாது. எங்கள் தொழிலில் டைரக்டர் பேப்பரைப் பார்த்துக் கதை சொன்னால் பாதி மரியாதை அங்கேயே போய்விடும்.

முடிந்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அந்தப் புள்ள வசுமதி, இத்தனை நடந்தும் எதுக்குங்க அந்த வூட்லயே உக்காந்திருக்கறா? பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதானுங்களே?"

சார் கண்ணைத் திறந்தார். பதினொரு வருஷமாக அவரிடம் இணை இயக்குநராக இருக்கிறேன். பதில் இல்லாமல் அவர் கண்ணைத் திறந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. கொஞ்சம் செதுக்கணும்" என்றார்.

"செதுக்கிட்டு வாங்க. இருபத்தி நாலாந் தேதி திரும்ப வாரேன். பதில் இருந்தா படம் பண்ணலாம். இல்லீன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

ஆக மூன்று வாரம். நாளை முதல் சாலிகிராமம் ஃபிளாட்டில் கதை டிஸ்கஷன். நோட்ஸ் எடுப்பது வழக்கம்போல நான். இந்த டைரிகூட மேடம் கொடுத்ததுதான். அட்டையில் ஒரு சேவல் இருக்கிறது.

மறந்துவிடாமல் இருக்கக் கதையை எழுதி வைக்கிறேன். ஏற்காட்டில் ஒரு மாடி வீடு. கீழே அக்கா, மேலே தங்கை வசுமதி. தினமும் காலையில் வசுமதியின் காபி டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. அவளுடைய கையெழுத்தேதான், ஆனால் எழுதிய ஞாபகம் அவளுக்கு இல்லை. 'இன்று பால் வராது' என்று இருந்தால் பால் வராது. 'இன்று கரண்ட் போகும்' என்றால் போகும். ஒரு நாள் 'இன்று கிணற்றடியில் ஒருவர் விழுவார்' என்று இருக்கிறது. அன்றைக்கு வாட்ச்மேன் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறார். தூக்கத்தில் எழுந்து நான்தான் எழுதுகிறேனோ, நான்தான் தள்ளியும் விட்டேனோ என்று வசுமதிக்கு உதறல் எடுக்கிறது. கடைசியில் பார்த்தால் எல்லாம் அக்கா வேலை. சின்ன வயதில் சிலேட்டில் கை பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தவள் அக்காதான் என்பதால் இரண்டு பேர் கையெழுத்தும் ஒன்று. தங்கை தன்னை விட்டுப் போய்விடக் கூடாது, தனியாக இருக்கத் தனக்குத் தகுதியில்லை என்று அவள் நம்ப வேண்டும், அதற்காக அக்கா இதையெல்லாம் செய்கிறாள்.

ஓட்டை இதுதான்: வாட்ச்மேன் செத்த மறுநாளே வசுமதி ஏன் கிளம்பவில்லை?

கதை சாருடையது. இரண்டு மாதமாக மனதில் கிடக்கிறது என்கிறார்.

ஜூன் 4, புதன்

முதல் நாள். அறையில் நாலு பேர். சார், நான், எடிட்டர் கிரிதரன், ஆவுடையப்பன் அண்ணன். அண்ணன் நாற்பது படங்களின் டிஸ்கஷனில் உட்கார்ந்தவர். ஒரு படத்தில்கூட அவர் பெயர் வந்ததில்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை; டிஸ்கஷனில் போடும் சாப்பாட்டைப் பற்றித்தான் வருத்தப்படுவார்.

வெள்ளைப் பலகையில் 'வ. ஏன் போகலை?' என்று எழுதினேன்.

"எம்மா, அவளுக்குக் கால் ஒடிஞ்சிட்டுன்னு வச்சிக்கிடுவோம்" என்றார் அண்ணன்.

"கால் ஒடிஞ்சவ மாடியிலேர்ந்து எறங்கிப் போய் வாட்ச்மேனைத் தள்ளிட்டோமோன்னு எப்படிண்ணே பயப்படுவா?" என்றேன்.

"அப்பம் கை ஒடியட்டும்."

"கை ஒடிஞ்சா சீட்டு எழுத முடியாதே."

வசுமதியின் உடம்பில் ஒடிக்க வேறு இடம் இல்லாததால் அண்ணன் சாப்பிடப் போய்விட்டார்.

கிரிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. "வாட்ச்மேன் சாவுக்கப்புறம் சடசடன்னு வெட்டிட்டுப் போயிடலாம். யோசிக்க நேரம் குடுத்தாத்தான ஆடியன்ஸ் கேள்வி கேப்பாங்க."

மேடம் யோசிக்காமலே கேட்டார் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ந்ததுதான் இன்றைக்கு முடிந்த ஒரே வேலை.

ஜூன் 7, சனி

வசுமதி என்ற பெயர் எப்படிப் பிடித்தீர்கள், பழசாகவும் இருக்கிறது, புதுசாகவும் இருக்கிறது என்று கிரி சாரைக் கேட்டார். "தானா வந்துச்சு" என்றார் சார். கோவில்பட்டியில் எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயர் வசுமதி. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் சார் சொல்லச் சொல்ல நான் கிணற்றடி சீனைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அவர் சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை அடித்துவிட்டேன். சார் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா கிரி, செண்பகா எழுதினா என்ன, நான் எழுதினா என்ன. ரெண்டும் ஒரே கை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்காரரிடம் பேச்சு வாக்கில் கதையைச் சொல்லிவிட்டேன். செழியன் கணக்கு வாத்தியார். சினிமாவில் பெரிய ஈடுபாடு கிடையாது, ஆனால் சொன்னது மறக்காது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்தினார்.

"இது உன் கதையில்ல?"

"எது?"

"அந்தச் சீட்டு, சிலேட்டு, எல்லாம். பாண்டிச்சேரி போறதுக்கு முந்தின நாள் இதே இடத்துல நின்னு என்கிட்ட சொன்னியே. அதுல அவ ஏன் போகலைங்கிறதுக்கு என்ன குழப்பம்? அதுல அவ..."

மிக்ஸியைப் போட்டேன். தேங்காய்ச் சட்னி தேவைக்கு மேல் நைசாக வந்துவிட்டது.

ஜூன் 10, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடம் என்ன வெட்கம்.

2023 ஆகஸ்டில் லொகேஷன் பார்க்கப் பாண்டிச்சேரி போனோம். டிரைவர் தங்கை மகள் காதுகுத்துக்குப் போய்விட்டார். நான் வண்டி ஓட்ட, சார் பக்கத்தில். தாம்பரம் தாண்டியதும், "உன்கிட்ட ஏதாவது கதை இருந்தா சொல்லேன், வழி போறதே தெரியாது" என்றார். சொன்னேன். ஆறு மாதமாக எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த கதை. என் முதல் படத்துக்கு என்று வைத்திருந்த கதை. எங்கும் எழுதிப் பதிவு செய்யவில்லை. இந்த ஊரில் கதை எல்லாம் வாயில்தானே இருக்கிறது.

பாண்டிச்சேரியில் இறங்கும்போது சார் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னார். அப்புறம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த ஏப்ரலில் ஒரு நாள் காலையில் ஆபீஸுக்கு வந்து, "செண்பகா, ஒரு கதை மாட்டிருக்கு" என்று என்னிடமே அதைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி. என்ன அழகாகச் சொன்னார். பாதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இது இவர் கதைதானோ என்று.

எனக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. என் அப்பாவுக்கு மூளையில் கட்டி என்றபோது ஷூட்டிங்கை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த மனிதர் இவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தனியாகப் படம் பண்ணுகிறேன் என்று கிளம்பிப் போய், மூன்றே மாதத்தில் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்து நின்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காபி சாப்பிட்டியா" என்றார், அவ்வளவுதான்.

இப்போது என்னைக் குடைவது வேறு. அன்றைக்கு வண்டியில் வசுமதி ஏன் போகவில்லை என்பதையும் சேர்த்துத்தானே சொன்னேன். அது தெரிந்தே சார் ஏன் ஒரு வாரமாகத் தெரியாத மாதிரி தேடுகிறார்?

ஜூன் 11, புதன்

மூன்று சாத்தியம் யோசித்து வைத்திருக்கிறேன். சார் என்னைச் சோதிக்கிறார், நானே வாய் திறந்து கேட்கிறேனா என்று. அல்லது மனசாட்சி உறுத்தி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த ஒரு சீனை மட்டும் எனக்காக விட்டுவைத்திருக்கிறார். அல்லது நான் அந்த சீனை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னதாக நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. டிஸ்கஷனில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் போலிருக்கிறது, நானும் வசுமதி ஆகிவிடுவேன்.

அண்ணனின் இன்றைய யோசனை: வசுமதி ஒரு பசுமாடு வளர்க்கிறாள், அதை விட்டுவிட்டுப் போக மனசில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு ஏற்காடு மலை இறங்கும் ஹீரோயினை ஐந்து நிமிஷம் எல்லோரும் மனதுக்குள் பார்த்தோம்.

ஜூன் 13, வெள்ளி

செழியன் பரணிலிருந்து 2023 டைரியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். அந்தப் பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

'ஆகஸ்ட் 19. சாரிடம் கதை முழுவதும் சொன்னேன். ஒரு சீன் விடவில்லை. இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அவ்வளவு லயித்துக் கேட்டார். போகும் வழியில் பொங்கல், வடை. வண்டி மைலேஜ் சரியில்லை.'

ஆக, சொல்லியிருக்கிறேன். எனக்குப் பைத்தியம் இல்லை. அப்படியென்றால் சார் நடிக்கிறார். பதினொரு வருஷத்தில் அவர் நடித்து நான் பார்த்ததில்லை. நடிகர்களுக்கு நடித்துக் காட்டும்போதுகூட மோசமாகத்தான் செய்வார்.

ஜூன் 15, ஞாயிறு

விழுப்புரத்தில் செழியனின் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. அவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் நான் மட்டும் பஸ்ஸில் போனேன். ஜன்னலோர இருக்கை. நல்ல காற்று.

அன்றைக்குப் போன அதே சாலை. செங்கல்பட்டில் ஏரி தெரிந்ததும் எனக்குள் கதை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த ஏரிக்கரையில்தான் முதல் சீட்டைச் சொன்னேன். பாலாற்றுப் பாலத்தில் கரண்ட் போனது. மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ச்மேன் கிணற்றில் விழுந்தார். அங்கே நிறுத்திப் பொங்கல் சாப்பிட்டோம். சார் நெய் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது வரைக்கும் ஞாபகம் வந்தது.

திரும்ப வண்டியை எடுத்ததும் வசுமதி ஏன் போகவில்லை என்பதை ஆரம்பித்தேன். இருபத்தைந்து நிமிஷம் அந்த ஒரு கட்டத்தைத்தான் விலாவாரியாகச் சொன்னேன். சார் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். நான் ரோட்டைப் பார்த்துத்தானே ஓட்ட முடியும். டோல்கேட்டில் பிரேக் போட்டேன். வண்டி குலுங்கி நின்றது. சார் நிமிர்ந்து உட்கார்ந்து, "ம், அப்புறம்?" என்றார். எவ்வளவு ஆர்வம் பார் என்று பூரித்துப்போய், அப்புறம் சிலேட்டுக் கதையைச் சொன்னேன்.

பஸ் மதுராந்தகத்தைத் தாண்டியது. சாரின் கதையில் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். பொங்கல் கடை வரைக்கும் எல்லாம் இருக்கிறது. டோல்கேட்டுக்கு அப்புறம் எல்லாம் இருக்கிறது.

மனிதர் தூங்கியிருக்கிறார்.

பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சார் ஒரு கேள்விகூடக் கேட்காமல் லயித்துக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறேனே, அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வந்தது. விழுப்புரம் போய் வளையல் போடும்போதும் சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பதில் தெரிந்த ஒரே ஆள் நான் என்று தெரிந்தபின் டிஸ்கஷனில் உட்கார்வது தனி சுகம். அண்ணன் இன்றைக்கு வசுமதிக்கு ஒரு காதலனை அமைத்தார். கிரி அவனை வெட்டினார். சார் மொட்டை மாடியில் நடந்துவிட்டு வந்து, "செண்பகா, நீ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறியே" என்றார்.

"யோசிக்கிறேன் சார்."

அவர் முகத்தைப் பார்த்தேன். சோதிக்கிற முகம் இல்லை. பத்து நாள் தாடி. நிஜமாகவே தவிக்கிறார். அவருடைய போன படம் மூன்றாம் நாளே தியேட்டரை விட்டுப் போனது. இந்த வாய்ப்பும் போனால் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஜூன் 18, புதன்

"சொல்லிட வேண்டியதுதான?" என்றார் செழியன்.

"சொன்னா, இருக்கிற ஒரே ஓட்டையும் அடைஞ்சு கதை முழுசா அவரோடதாயிடும்."

"சொல்லலைன்னா?"

"படமே இல்லை."

கொஞ்ச நேரம் விடைத்தாளைத் திருத்தினார். அப்புறம் தலையைத் தூக்காமலே, "நீ ஏன் போகலைன்னு எப்பவாவது யோசிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"எங்க போகலை?"

அவர் ஒரு பையனுக்கு அரை மார்க் கூட்டிப் போட்டார்.

ஜூன் 20, வெள்ளி

கேஸ் வந்தது. தண்ணீர் கேன் வரவில்லை. சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு சார் தீர்ப்பு சொல்லிவிட்டார். மண்சரிவு. வாட்ச்மேன் செத்த அன்று மழை, மலைப் பாதையில் மண் சரிந்து பதினோரு நாள் போக்குவரத்து இல்லை, அதனால் வசுமதி போகவில்லை. கிரி உடனே சரி என்றார். அண்ணன், "மண்ணு சரியட்டும், ஒண்ணும் தப்பில்ல" என்றார். சார் பலகையில் 'மண்சரிவு' என்று எழுதி அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டில் ஒரு சந்தோஷமும் இல்லை.

என் கதையை எடுத்துக்கொண்டபோதுகூட இப்படி வலிக்கவில்லை. ரோடு இல்லாததால் உட்கார்ந்திருந்தாள் என்றால் வசுமதிக்கு மனது என்று ஒன்று எதற்கு? மண் அள்ளும் இயந்திரம் வந்ததும் கிளம்பிவிடுவாளே. அவளை இப்படி மக்காக்குவதைப் பார்த்துக்கொண்டு நோட்ஸ் எடுக்க என்னால் முடியவில்லை.

"சார், அவ போயிட்டா" என்றேன்.

"யாரு?"

"வசுமதி. மறுநாளே கெளம்பிப் போயிட்டா சார்."

சொல்ல ஆரம்பித்தேன். வாட்ச்மேன் செத்த மறுநாள் வசுமதி பெட்டி கட்டுகிறாள். அக்கா தடுக்கவில்லை. அழுதுகொண்டே அவளே சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள், தயிர்சாதம் கட்டிக் கொடுக்கிறாள், பஸ் ஏற்றிவிடுகிறாள். சேலத்தில் ஒரு தோழி வீடு. தோழிக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. வசுமதி பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்குகிறாள். காலையில் காபி வருகிறது. டம்ளரைத் தூக்கிப் பார்க்கிறாள். அடியில் ஒன்றும் இல்லை. சிரிக்கிறாள். குளித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்து உதறுகிறாள். மடிப்பிலிருந்து ஒரு சீட்டு விழுகிறது. அவள் கையெழுத்து. 'இந்த வீட்டில் குழந்தை இருக்கிறது.'

நிறுத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னேன்.

"அக்கா முப்பது கிலோமீட்டர் தள்ளி மலை மேல இருக்கா. இங்க வந்து எழுத யாரும் இல்லை. அப்ப தப்பு அந்த வீட்டுல இல்லை, நம்மகிட்டதான் இருக்குன்னு முடிவு பண்றா. கொழந்தையைத் தூக்கி முத்தம் குடுக்கக்கூட பயந்துக்கிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துடறா சார். யாரும் தடுக்கலை. அவளேதான் வர்றா. கடைசியில, தான் சேலையை மூணா மடிப்போம், பெட்டியில இருந்தது நாலா மடிச்ச சேலைங்கிறது ஞாபகம் வர்ற இடத்துலதான் அக்கா மாட்டிக்கிறா. கையெழுத்து நிபுணரெல்லாம் வேண்டாம்."

முதலில் பேசியவர் அண்ணன். "ஏட்டி, சேலைய மடிச்சது அக்காக்காரில்லா" என்று மெதுவாகச் சொன்னார். நாற்பது டிஸ்கஷனில் உட்கார்ந்தவருக்குக் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. நீட்டிக் காட்டினார்.

கிரி, "இதுல ஒரு ஃபிரேம்கூட வெட்ட மாட்டேன்" என்றார்.

சார் எழுந்து போய்ப் பலகையில் மண்சரிவை அழித்தார். திரும்பியபோது முகமெல்லாம் வெளிச்சம். "எப்ப யோசிச்ச இதை?"

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார். உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியிருக்கேன். மதுராந்தகத்துக்கும் டோல்கேட்டுக்கும் நடுவுல. நீங்க தூங்கிட்டீங்க."

"என்னது?"

"பாண்டிச்சேரி போறப்ப, வண்டியில. மொத்தக் கதையும் சொன்னேன் சார். இந்த எடத்துல மட்டும் நீங்க தூங்கிட்டீங்க. அதான் இந்த எடத்துல மட்டும் ஓட்டை."

"கதை கேக்கறப்ப நான் தூங்க மாட்டேன்."

"பொங்கல் சாப்பிட்டீங்க சார்."

கிரி தன் லேப்டாப்பில் இல்லாத எதையோ தேடினார். சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமா, அவமானமா, ஒன்றும் புரியாத பார்வையா, தெரியவில்லை. அப்புறம் யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

போன வேகத்தில் ஆவுடையப்பன் அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அண்ணனுக்கு சாரின் செருப்பு இரண்டு சைஸ் பெரிது. அதை மாட்டிக்கொண்டு தொபுக் தொபுக்கென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

சாரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. திரைச்சீலைகளைத் துவைத்தேன். பத்து வருஷமாகத் துவைக்காத தலையணை உறைகளையும் துவைத்தேன். உண்மையைச் சொன்னது சரிதான். நாலு பேர் முன்னால் சொன்னது சரியா என்று தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

"செண்பகா, அன்னிக்கு நான் கூலிங் கிளாஸ் போட்டிருந்தேனா?"

"ஆமா சார்."

"ரெண்டு வடை சாப்பிட்டேன்."

"மூணு சார்."

பக்கத்தில் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

"நெஜமா எனக்கு அது என் கதைன்னுதான் தோணுச்சு. ஏப்ரல்ல ஒரு நாள் காலையில எந்திரிச்சேன், மனசுல இருந்துச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலை. டம்ளருக்கு அடியில சீட்டு இருக்கிற மாதிரி."

இதை நான் நம்புகிறேன். நம்பினாலும் வலி முழுக்கப் போய்விடவில்லை.

"நான் உன்கிட்ட திரும்பச் சொன்னப்பவே நீ கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும் சார். தைரியம் வரலை."

"பதினொரு வருஷம் கூட இருந்தும் தைரியம் வரலைன்னா அது என் தப்பு" என்றார். உடனே குரல் மாறியது. அவருக்குள் இருக்கும் டைரக்டர் எழுந்துவிட்டார். "இரு. உன் கதையில அக்கா எதுக்கு இப்படிப் பண்றா?"

"வீட்டுப் பங்குக்காக."

"பாத்தியா. தங்கச்சி தன்னை விட்டுப் போயிடக் கூடாதுங்கிறதுக்காகன்னு மாத்தினது நான்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பாகத்தை நான் யோசிக்கவே இல்லை. அது வந்ததால்தான் கதைக்கு உயிர் வந்தது என்று எனக்கு அப்போதே பொறாமையாக இருந்தது.

"ஆமா சார். அது உங்களுது. என்னுதைவிட நல்லா இருக்கு."

"அப்ப கதைன்னு ரெண்டு பேர் போடணும்."

"என் பேர் முதல்ல சார்."

மறுபடி குக்கர் விசில். "சரி" என்றார். "நாளைக்கு மேடம்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"பேப்பர் பாக்காமயா?"

"பாக்காம."

"எட்டரைக்கு வந்துடு. ஆவுடையண்ணன்கிட்ட சொல்லு, செருப்பு என்கிட்ட பத்திரமா இருக்குன்னு."

ஜூன் 24, செவ்வாய்

படம் உண்டு. முதலில் அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். கதை: செண்பகவல்லி, ஞானராஜ். மேடமே வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பேர் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நல்லாத்தான் ஒத்துப்போகுது என்றார். இயக்கம் சார். அடுத்த படம் என்னுடையது என்று அவரே மேடம் முன்னால் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன், அவரையும் மறக்க விட மாட்டேன். இந்த முறை எழுதி வைத்திருக்கிறேன்.

தி.நகரில் மேடம் தங்கியிருந்த வீட்டுக்குப் போனபோது சார் ஏற்கெனவே வந்திருந்தார். தாடியை எடுத்திருந்தார். மேடத்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் கதை ஆரம்பிக்கக் கூடாது. மேஜை நிறையப் பலகாரம். சமையல்கார அம்மா பெரிய பாத்திரத்தோடு வந்து, நெய் மணக்க மணக்க, சாரின் தட்டுக்கு மேல் கரண்டியை நீட்டினார்.

"பொங்கல் வேண்டாம்மா" என்றார் சார். "ஒரு இட்லி போதும். கதை கேக்கணும்."

மேடம் புருவத்தைத் தூக்கினார். "கேக்கணுமா? நீங்கதானுங்க சொல்லப் போறீங்க?"

"இல்லம்மா. இவங்க சொல்வாங்க. நான் இதை இன்னும் முழுசா கேட்டதில்லை."

கூலிங் கிளாஸைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் சுவரில் சாயவில்லை. கண்ணையும் மூடவில்லை. அன்றைக்கு ரோட்டைப் பார்த்துச் சொன்னேன், இன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பால் வரவில்லை. கரண்ட் போனது. வாட்ச்மேன் கிணற்றில் விழுந்தார். அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

சார் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"ம், அப்புறம்?" என்றார்.